ஐம்பது வயதில் பனிப்பாதை: வாசகர் கேள்வி–பதில்

நம் தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூர ஓட்டப் பந்தயமான காம்ரேட்ஸ் முடிந்த சில வாரங்களில் நமக்கு வரும் மடல்களில் முழங்கால் வலி பற்றிய கேள்விகளே மிகுந்திருப்பது வழக்கம். இம்முறை அவற்றோடு புதிய பொருள் ஒன்றும் சேர்ந்துள்ளது: வயதுப் பிரிவு வாரியாக நடைபெறும் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் போட்டிகள். இது மலைச்சரிவில் மேலிருந்து கீழே பாய்ந்து வரும் சறுக்கு அன்று. மேடும் இறக்கமும் சமவெளியும் கலந்த பாதையைத் தன் கை, கால், மூச்சு ஆகியவற்றின் வலுவால் மட்டுமே கடக்கும் நெடுந்தூரப் பந்தயம்.

கேள்வி: வயது 52. பல ஆண்டுகள் காம்ரேட்ஸ் ஓடி முடித்தவன். முழங்கால் தேய்மானம் காரணமாக ஓட்டத்தைக் குறைக்குமாறு மருத்துவர் கூறிவிட்டார். நார்வேயில் பணிபுரியும் என் மகள், அங்கே என் வயதினர் பனிச்சறுக்கில் தனிப் பிரிவுகளில் போட்டியிடுவதாகச் சொல்கிறாள். அது உண்மையான போட்டிதானா, அல்லது முதியோருக்கான பொழுதுபோக்கா? என்னைப் போன்றவனுக்கு அங்கே இடமுண்டா? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இடமுண்டு, ஐயா. அது இரக்கத்தால் ஒதுக்கப்பட்ட இடமும் அன்று. மாஸ்டர்ஸ் உலகக் கோப்பை என்ற போட்டி ஆண்டுதோறும் ஒரு நாட்டில் நடைபெறுகிறது. 2022இல் கனடாவின் கான்மோரிலும், 2023இல் ஆஸ்திரியாவின் ஸேஃபெல்டிலும், 2024இல் பின்லாந்தின் வுவோகட்டியிலும் நடந்தது. வயது முப்பதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாக வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன: 30–34, 35–39 என்று தொடங்கி எண்பது, தொண்ணூறு வயதினர் வரை. தாங்கள் 50–54 வகுப்பில் நிற்பீர்கள். தங்களோடு புறப்படுபவர்கள் அனைவரும் தங்கள் வயதினரே. குறுந்தூரம், நடுத்தூரம், நெடுந்தூரம் ஆகிய ஒவ்வொன்றிலும் கிளாசிக் முறை (பலகைகளை இணையாக வைத்து முன்னோக்கிச் செல்வது), ஃப்ரீ முறை (காலைப் பக்கவாட்டில் தள்ளிச் செல்லும் ஸ்கேட்டிங் முறை) என இரண்டுக்கும் தனித்தனிப் பந்தயம் உண்டு. எதில் இறங்குவது என்பது போட்டியாளரின் விருப்பம். வயது ஏறும்போது தூரம் குறைகிறது. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மூவருக்குப் பதக்கம்.

அந்தப் பதக்கங்களை எளிதாக எண்ண வேண்டாம். வடநாடுகளில் ஐந்து வயதிலேயே பனியில் இறங்கி, ஒரு காலத்தில் தம் நாட்டு அணியில் இடம்பெற்று, பின்பும் விடாமல் பயின்று வருபவர்கள் அவ்வகுப்புகளில் இருக்கிறார்கள். தாங்கள் அவர்களை முந்துவது கடினம். ஆயினும் காம்ரேட்ஸில் பல்லாயிரவர் எதற்காக ஓடுகிறார்களோ, அதே காரணம் இங்கும் பொருந்தும்: தன் வயதினரிடையே தன் இடம் எது என்பதைக் கடிகாரம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது, சென்ற ஆண்டைவிட முன்னேறினோமா என்பதையும் அதுவே காட்டுகிறது.

தங்கள் முழங்காலைப் பொறுத்தவரை, ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி சறுக்கில் இல்லை. தேய்மானம் உள்ள பலருக்கு இது உகந்ததாக இருப்பதற்கு அதுவே காரணம். இருந்தாலும் ஸ்கேட்டிங் முறையில் காலைப் பக்கவாட்டில் தள்ளும்போது முழங்காலின் உட்புறத்தில் அழுத்தம் ஏற்படும் என்பதால், தொடங்குமுன் தங்கள் மருத்துவரிடம் இதைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனியே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு எப்படிப் பயிற்சி செய்வது? லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கிக்குப் போனால் போதுமா? – வாசகர், லெனேசியா

பதில்: போதாது. ஆஃப்ரிஸ்கி 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், செயற்கைப் பனியின் துணையோடு, சரிவில் இறங்கும் சறுக்குக்காக அமைக்கப்பட்ட இடம். குளிர்காலத்தில் பனியின் மேல் நிற்கும் அச்சத்தைப் போக்கிக்கொள்ள அது உதவும். ஆனால் கிராஸ் கன்ட்ரி பலகைகளுக்கான நீண்ட தடத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். நம் நாட்டின் ஆலிவர் கிராஸ் 2006 டூரின், 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் கிராஸ் கன்ட்ரியில் கலந்துகொண்டார் என்பதை நினைவில் வையுங்கள். பனியில்லா நாடு என்பது தடைதான், முடிந்த கதை அன்று.

உங்களுக்கு வேண்டியது ரோலர் ஸ்கீ. அது குட்டையான பலகை. முன்னும் பின்னும் சக்கரம் உண்டு. பனியில் அணியும் அதே காலணியைப் பூட்டிக்கொண்டு, கூர்மையான உலோக முனையுள்ள கோல்களை ஊன்றித் தார்ச்சாலையில் செல்லலாம். வடநாட்டு வீரர்கள் கோடை முழுவதும் இதில்தான் பயில்கிறார்கள். பெரும்பாலான ரோலர் ஸ்கீகளுக்கு பிரேக் கிடையாது. எனவே தலைக்கவசமும் கையுறையும் இன்றி ஏறக்கூடாது; போக்குவரத்துள்ள சாலையையும் நீண்ட இறக்கத்தையும் தவிர்த்து, விடியற்காலையில் ஆளில்லாத பூங்காச் சாலையையோ வாகன நிறுத்துமிடத்தையோ தேர்ந்தெடுக்க வேண்டும். கோலின் நீளமும் முக்கியம்: கிளாசிக் முறையில் உடல் உயரத்தில் 83 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி, ஸ்கேட்டிங் கோல் அதைவிட நீளமாக, ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கும். 170 செ.மீ. உயரமுள்ளவர் கிளாசிக்குக்குச் சுமார் 140 செ.மீ., ஸ்கேட்டிங்குக்கு 150 செ.மீ. சற்று மிஞ்சியும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்கும் இடம் இதுவே. கிளாசிக் பலகை நடுவில் வில் போல மேலெழும்பி இருக்கும். அந்த நடுப்பகுதியின் அடியில்தான் பனியைப் பற்றும் மெழுகு பூசப்படுகிறது. இரு முனைகளிலும் வழுக்கும் மெழுகு. இரண்டு கால்களிலும் எடையைப் பங்கிட்டு நின்றால் நடுப்பகுதி பனியைத் தொடாது, பலகை வழுக்கிச் செல்லும். முழு எடையையும் ஒரே காலின்மேல் வைத்து அழுத்தினால் வில் தட்டையாகி மெழுகு பனியைப் பற்றும், அந்தப் பிடிப்பிலிருந்து உடலை முன்னே உந்தலாம். ஓடிப் பழகியவர் உடலை இரு கால்களுக்கும் நடுவிலேயே வைத்திருப்பார். ஆகவே அவருக்குப் பிடிப்பும் கிடைக்காது, சறுக்கலும் கிடைக்காது. நெஞ்சில் வலுவிருந்தும் ஏற்றத்தில் பின்னோக்கி நழுவுவார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளாசிக் ரோலர் ஸ்கீயில் ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி பூட்டப்பட்டிருப்பதால், எடையைத் தவறாக மாற்றினாலும் அது பிடித்துக்கொள்ளும். குறை தெரியாமலேயே பழக்கமாகிவிடும். எனவே வாரத்தில் சில நாள்களாவது கோல் இல்லாமல், ஒரே காலில் இயன்றவரை நீண்ட நேரம் சறுக்கிச் செல்லும் பயிற்சியைச் செய்யுங்கள்.

அடுத்தது மேலுடல். இரு கோல்களையும் ஒருசேர ஊன்றி உந்தும் டபுள் போலிங் முறையில் வயிற்றுத் தசையும் முதுகின் பக்கத்தசையும் பெரும்பங்கு வேலை செய்கின்றன. ஓட்டத்தில் அவை இவ்வளவு உழைப்பதில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்கீ எர்கோமீட்டர் (கோல் ஊன்றும் அசைவை நின்ற இடத்திலேயே பழகும் கருவி) இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையேல் கம்பியில் தொங்கி உடலை மேலிழுக்கும் பயிற்சியே நல்ல தொடக்கம். லெனேசியாவில் வாழும் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ளது. சுவிட்சர்லாந்தின் எங்காடின் பந்தயம் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் மலோயாவில் தொடங்குகிறது. கடலோர டர்பன்வாசி அங்கே மூச்சுக்குத் திணறும்போது நீங்கள் அவ்வளவு திணற மாட்டீர்கள்.

கேள்வி: வயது 47. பிள்ளைகள் வளர்ந்த பின்பே ஓடத் தொடங்கினேன். பனிச்சறுக்கு பற்றிப் பேச்செடுத்தால், ‘அது ஆண்களுக்கான விளையாட்டு’ என்று அண்ணன் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? – வாசகி, டோங்காட்

பதில்: அம்மா, தங்கள் அண்ணனுக்கு இரண்டு பெண்களின் கதையைச் சொல்லுங்கள். ஸ்வீடனில் சாலனிலிருந்து மூரா வரை 90 கி.மீ. தூரம் நடக்கும் வாஸாலோப்பெட் பந்தயம் 1922இல் தொடங்கியது. நம் காம்ரேட்ஸ் அதற்கு ஓராண்டு முன், 1921இல் தொடங்கியது. 1923ஆம் ஆண்டு மார்கிட் நோர்டின் என்ற பெண் வாஸாலோப்பெட்டை முடித்தார். அதே 1923ஆம் ஆண்டு, ஃப்ரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண், பதிவு மறுக்கப்பட்ட நிலையிலும் காம்ரேட்ஸ் பாதையை ஓடி முடித்தார். இருவரும் முடித்துக் காட்டிய பின்பும் கதவு திறக்கவில்லை. வாஸாலோப்பெட் மறு ஆண்டே பெண்களுக்குத் தடை விதித்தது. 1981இல்தான் அது நீங்கியது. காம்ரேட்ஸ் பெண்களை அதிகாரபூர்வமாக ஏற்றது 1975இல். வெள்ளையர் அல்லாதாரும் முறைப்படி ஓட அனுமதிக்கப்பட்டது அதே ஆண்டில்தான் என்பதால், நம் குடும்பங்களில் மூத்தவர்களுக்கு அந்த ஆண்டின் பொருள் நன்கு தெரியும். உரிமை மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நாம், நம் வீட்டுப் பெண்ணிடம் ‘இது உனக்கன்று’ என்று சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இன்று மாஸ்டர்ஸ் போட்டியில் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே ஐந்தாண்டு வகுப்புகள் உண்டு. முன்னணி வீரர்களுக்கான உலகக் கோப்பைப் போட்டிகளில் 2022–23 பருவம் முதல் ஆண்களும் பெண்களும் ஒரே தூரத்தைக் கடக்கிறார்கள். 47 வயதில் தாங்கள் 45–49 வகுப்பில் தொடங்கலாம்.

கேள்வி: வயது 61. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் உண்டு. இவ்வயதில் இத்தகைய போட்டி ஆபத்தாகுமா? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆபத்து, நன்மை இரண்டையும் அறிந்துகொண்டு முடிவெடுங்கள். வாழ்நாள் முழுவதும் பயிற்சியை விடாத, எண்பது வயதைக் கடந்த ஸ்வீடன் பனிச்சறுக்கு வீரர்கள் ஒன்பது பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரையில், அவர்களது உடல் ஒரு நிமிடத்தில் கிலோ எடைக்கு 38 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த வல்லதாக இருந்தது. பயிற்சியற்ற அதே வயதினருக்கு அது 21 மட்டுமே. வாஸாலோப்பெட் முடித்தவர்களின் இறப்பு வீதம் பொதுமக்களைவிட வெகுவாகக் குறைவு என்பதும் ஆய்வில் தெரிந்தது. மறுபக்கமும் உண்டு. அதே பந்தயத்தில் கலந்துகொண்ட 52,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, ஐந்து அல்லது அதற்கும் அதிகமான முறை முடித்தவர்களுக்கு, ஒருமுறை மட்டும் முடித்தவர்களைவிட இதயத்துடிப்புச் சீர்கேடு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆகவே இதய மருத்துவரிடம் சென்று, உழைப்பின்போது எடுக்கும் இ.சி.ஜி. பரிசோதனையைச் செய்துகொள்ளாமல் தாங்கள் பதிவுசெய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயரும் என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று மருந்துப் பட்டியல். இன்சுலினும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகளும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் உள்ளன. நோய்க்காக உட்கொள்பவர் முன்கூட்டியே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும்; பந்தய அமைப்பாளரிடம் இதை எழுதிக் கேளுங்கள். விலக்குக்காக அஞ்சி மருந்தை நிறுத்துவது உயிருக்கே கேடு. மேலும் இன்சுலின் உறைந்தால் பயன் இழக்கும். அதையும் சர்க்கரை அளக்கும் கருவியையும் மேலங்கிப் பையில் வைக்காமல், உடலை ஒட்டிய உள்ளாடைப் பையில் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். தைப்பூசக் காவடிக்கு விரதமும் இருப்போம். பந்தய உணவுக்கு என்ன செய்வது? – வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: வாஸாலோப்பெட்டின் வழிநெடுக வழங்கப்படும் புகழ்பெற்ற பானம் சூடான புளூபெர்ரிச் சாறு, அது சைவமே. ரொட்டியும் கிடைக்கும். உப்புச்சாறு வகைகள் இறைச்சியில் செய்தவையாக இருக்கலாம் என்பதால் கேட்டு அருந்துங்கள். இத்தாலியின் மார்சியலோங்கா பந்தயம் ஜனவரி இறுதியில் வருவதால் தைப்பூச விரதத்தோடு மோதக்கூடும். ஒருவேளை மட்டும் உண்ணும் உடலோடு 70 கி.மீ. செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்த்திக்கடனை முடித்துவிட்டு மார்ச் மாதப் பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: முதல் பந்தயமாக எதற்குப் போகலாம்? பலகை, மெழுகு எல்லாம் வாங்க வேண்டுமா? – வாசகர், கெபெர்ஹா

பதில்: ஐரோப்பாவை நாடுமுன் தென்பாதி உலகைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஃபால்ஸ் கிரீக் என்ற ஊரில், ஆகஸ்ட் இறுதியில் கங்காரு ஹாப்பெட் நடைபெறுகிறது, 42 கி.மீ., 21 கி.மீ., 7 கி.மீ. என மூன்று தூரங்கள் உண்டு. நியூசிலாந்தில் வானாகா அருகே மெரினோ மஸ்டர் நடக்கிறது. ஆடிக் கஞ்சி முடிந்த பிறகு, புரட்டாசி விரதம் தொடங்கும் முன் போய்த் திரும்பிவிடலாம். இரண்டும் வாஸாலோப்பெட், மார்சியலோங்கா, எங்காடின் ஆகியவற்றோடு சேர்ந்து வேர்ல்ட்லோப்பெட் என்ற உலகத் தொடரில் உள்ளவை. வெவ்வேறு நாடுகளில் பத்துப் பந்தயங்களை முடித்து, அவற்றுள் ஒன்றேனும் வேறொரு கண்டத்தில் இருந்தால், வேர்ல்ட்லோப்பெட் மாஸ்டர் என்ற பட்டம் தரப்படும். அந்தப் பத்தில் முதலாவதை இங்கேயே முடித்துவிடலாம்.

ஹாப்பெட் ஃப்ரீ முறையில் நடப்பதால் பிடிப்பு மெழுகின் தொல்லை இல்லை. வழுக்கு மெழுகு மட்டும் போதும், அதையும் பலகை வாடகைக்குத் தரும் கடையிலேயே பூசித் தருவார்கள். ஃபுளோரின் கலந்த மெழுகைச் சர்வதேசக் கூட்டமைப்பு 2023–24 பருவம் முதல் தன் போட்டிகளில் தடைசெய்துவிட்டது. எனவே யாராவது பழைய டப்பாவை மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். பலகையையும் கோலையும் வாடகைக்கு எடுங்கள். காலணியை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். அது ரோலர் ஸ்கீக்கும் பயன்படும், பொருந்தாத காலணியால் வரும் கொப்புளம் பந்தயத்தையே கெடுத்துவிடும்.

முதலாண்டு 21 கி.மீ. மட்டும் போதும். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே சென்று, அங்குள்ள பயிற்றுநரிடம் நாள்தோறும் பாடம் எடுங்கள். விசாவுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் பனிச்சறுக்குப் போட்டிக்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்; சாதாரணப் பத்திரங்கள் பலவும் போட்டியில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தருவதில்லை.