வீட்டுக்குள் ஃபைகஸ்: முதலில் தொட்டியின் அடித்தட்டைக் காலி செய்துவிட்டுக் கேளுங்கள்

ஞாயிறு மதியம் உட்கார்ந்து உங்கள் ஃபைகஸ் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், வந்துவிட்டேன். ரப்பர் செடி, பெஞ்சமினா, ஃபிடில் இலை, வேர் பருத்த குட்டி போன்சாய் எல்லாமே ஃபைகஸ்தான். நம் ஆல், அரசு, அத்தி இவற்றுக்குப் பங்காளிகள். ரோஜாவும் மணி பிளான்ட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

மடிப்பாக்கம்: அக்கா, பெஞ்சமினா வாங்கிப் பத்து நாள் ஆகிறது. தினமும் பெருக்கினால் ஒரு கை இலை வருகிறது. முதலில் ஹாலில் வைத்தேன், உதிரவும் பால்கனிக்கு மாற்றினேன், இப்போது ஏசி ரூமில் இருக்கிறது. தண்ணீர் போதவில்லையோ?

தண்ணீர்க் கதையை விடுங்கள், பத்து நாளில் மூன்று வீடு மாற்றியிருக்கிறீர்கள். நர்சரியில் அது நிழல்வலைக்குக் கீழேதான் இருந்தது, ஆனாலும் அந்த வெளிச்சம் உங்கள் ஹாலைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வெளிச்சத்துக்காக விட்ட இலைகளை இந்த இருட்டில் வைத்துக் காப்பாற்ற மரத்துக்குக் கட்டுப்படியாகாது. உதிர்த்துவிட்டு, புது இடத்துக்குத் தோதான இலையாக விட்டுக்கொள்ளும். நீங்கள் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அது கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். மதியம் லைட் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற ஜன்னலோரம் ஒன்றைப் பிடியுங்கள், ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது, வைத்தபின் தொடாதீர்கள். பயமாக இருந்தால் ஒரு சின்னக் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக மொறுமொறுவென்று இருந்தால் அந்தக் கிளை மட்டும் போச்சு. புது இலை வர ஒன்றரை இரண்டு மாதம்கூட ஆகும். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாகத் தினமும் போய்க் கிளையைத் தடவாதீர்கள். அப்புறம், இலை குறைந்த மரம் குடிக்கும் தண்ணீரும் குறைவு. இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா, அதையும் பாருங்கள்.

ஈரோடு: ரப்பர் செடிக்குத் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன், அடி இலைகள் மஞ்சளாகின்றன. என்ன நோய்?

அந்த ஒரு டம்ளர்தான் நோய். ஊற்றுகிற அன்றைக்கு அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள், தட்டைக் கொட்டுங்கள், மண் காயும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நாகர்கோவில்: எங்கள் ஊர்த் தோட்டங்களில் பால் வெட்டும் ரப்பரும் இதுவும் ஒன்றா?

நல்ல கேள்வி. இல்லை. உங்கள் ஊரில் பால் வெட்டுவது அமேசான் பக்கத்திலிருந்து வந்த ஹீவியா. வரவேற்பறையில் நிற்கும் பளபளப்பான தடித்த இலைக்காரர் ஃபைகஸ் எலாஸ்டிகா, வடகிழக்கு இந்தியாக்காரர். ஹீவியா வந்து அடித்துப் போடும் முன் அஸ்ஸாமில் இதிலிருந்தும் ரப்பர் எடுத்தார்கள், பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மேகாலயாவில் காசி மக்கள் ஓடைக்குக் குறுக்கே உயிருள்ள வேரையே இழுத்து வளர்த்துப் பாலம் கட்டுகிறார்களே, அந்த வேரும் இதனுடையதுதான். ஆள் நடக்கும் பாலம் தாங்குகிற வேரை நாம் எட்டு அங்குலத் தொட்டியில் வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பால் என்றதும் சொல்லிவிடுகிறேன். எந்த ஃபைகஸை வெட்டினாலும் வெள்ளைப் பால் வடியும். கையுறை போடுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள், வெட்டிய இடத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை இருப்பவர்கள் வெட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பூனையோ நாயோ இலையைக் கடித்தால் எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கலாம்.

தாம்பரம்: ஃபிடில் இலை ஒன்றைக் காம்போடு தண்ணீரில் போட்டேன். ஒரு வருடமாக வேர் மட்டும் வருகிறது, செடி வரவில்லை.

வராது. இலையில் கணு இல்லை, கணு இல்லாமல் தளிர் இல்லை. தண்டோடு வெட்டுங்கள், அல்லது விண்பதியம் போடுங்கள்: தண்டில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்து, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்க் கழிவை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டிவிடுங்கள். தாளுக்குள் வேர் தெரிகிற அன்று கீழே வெட்டி நட்டுக்கொள்ளலாம்.

சேலம்: பெஞ்சமினா இலை உதிர்கிறது.

முதல் பதில்.

வேளச்சேரி: போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். இலை ஓரம் கருகுகிறது, மண்மேல் வெள்ளையாகப் படிகிறது. ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரைக் கொடுக்கலாமா?

அந்த வெள்ளைதான் உப்பு, ஆர்.ஓ. கழிவில் அதைவிட அதிகமாக இருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் கிடைக்கும்போது தொட்டியை நன்றாக அலசி விடுங்கள், நாலைந்து பக்கெட் ஓடட்டும். அதுவரை மேல்மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி மாற்றுங்கள்.

திருச்சி: அம்மா, அரசங்கன்று ஒன்றைப் படுக்கையறையில் வைக்கப் போகிறேன். அரசு இரவிலும் பிராணவாயு விடும் என்பதால் நல்லதுதானே?

ஐயா, வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் விடாது. இரவில் அதுவும் நம்மைப்போல மூச்சுத்தான் விடுகிறது.

திருச்சி: தாவரவியல் படித்தவர்களே சொல்கிறார்கள். கற்றாழை வகைகள் இரவில் வேலை செய்யவில்லையா?

செய்கின்றன. கள்ளி, அன்னாசி, பாம்புக் கற்றாழை எல்லாம் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கும். ஆனால் ஆக்சிஜன் வருவது தண்ணீர் மூலக்கூறு உடைவதிலிருந்து, அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அவையும் பகலில்தான் விடுகின்றன. இரவில் நடப்பது கொள்முதல், விற்பனை இல்லை.

பெங்களூரு: இடையில் வருகிறேன், நாசா பட்டியலில் பெஞ்சமினா இருக்கிறதே? காற்றைச் சுத்தம் செய்யும் என்று?

இருக்கிறது, 1989 ஆய்வு. அது மூடிய சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தது. உங்கள் வீட்டுக் கதவு இடுக்கு வழியாகவே அதைவிட வேகமாகக் காற்று மாறும். அதற்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று 2019இல் வந்த ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது. படுக்க இடம் இருக்காது.

திருச்சி: அப்படியென்றால் பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா?

பெரியவர்கள் இரவில் மரத்தடியில் படுக்காதே, பேய் பிடிக்கும் என்றல்லவா சொன்னார்கள்? வாட்ஸ்அப்தான் ஆக்சிஜன் என்கிறது. அரசமரம் சாமி மரம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை, நானும் கும்பிடுகிறேன். அதற்கு வெட்டவெளி வேண்டும், உங்கள் படுக்கையறை ஜன்னல் போதாது, அவ்வளவுதான். தொட்டியில்தான் வேண்டும் என்றால் வெயிலடிக்கும் மொட்டைமாடியில் வையுங்கள். வேர் தொட்டித் துளை வழியாக இறங்கித் தளத்தில் விரிசல் தேடும், மாதம் ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

மதுரை: இவ்வளவு சண்டைக்கு நடுவில் என் மாவுப்பூச்சிக்கு யாராவது பதில் சொல்வீர்களா?

மன்னிக்கவும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள், காம்பு இடுக்குகளை விடாதீர்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். எறும்பு ஏறினால் பூச்சி திரும்பி வரும்.

சேலம்: முதல் பதில் படித்தேன். ஆனால் என்னுடையது உதிர்வது வேறு மாதிரி, பச்சையாகவே உதிர்கிறது.

இடம் மாற்றினீர்களா?

சேலம்: தீபாவளிக்கு வெள்ளையடித்தோம், அப்போது கொஞ்சம்...

முதல் பதில்.

கோவை: ஃபைகஸ் இலை கொட்டினால் என்ன உரம் போடலாம்?

ஒன்றும் போட வேண்டாம். இதற்கு மேல் "இலை" என்று தொடங்கும் கேள்விக்கு இன்று பதில் கிடையாது.

மடிப்பாக்கம்: அக்கா, முதல் கேள்வி கேட்டது நான்தான். ஜன்னலோரம் வைத்துவிட்டேன், சுரண்டிப் பார்த்தேன், பச்சையாக இருக்கிறது.

சந்தோஷம். தட்டு?

மடிப்பாக்கம்: தொட்டி அழகுக்கு வாங்கிய பெரிய பீங்கான் ஜாடிக்குள் இருக்கிறது, அதனால் தட்டு இல்லை. இருங்கள், தூக்கிப் பார்க்கிறேன்... அக்கா, இரண்டு சொம்பு இருக்கும்.