மகள் பிறந்த வருடத்து ஒயினை எப்படித் திறப்பது?

கேள்வி: எங்கள் பூர்வீகம் புதுச்சேரி. முப்பது வருடமாகப் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். என் மகள் 2005-இல் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்து, "இவள் பிறந்த வருடத்து ஒயின், இருபது வயதானதும் திறங்கள்" என்றார். ஷாத்தோ லின்ச் பாஜ், போயாக், 2005 என்று லேபிளில் இருக்கிறது. அன்றிலிருந்து கட்டடத்தின் நிலவறையில் படுக்க வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் அந்தப் பெரியவரைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். மட்டன் பிரியாணி செய்வதாக உத்தேசம். கணவருக்கும் மகளுக்கும் ஒயின் விவரம் தெரியாது, நான் குடிப்பதே இல்லை. எப்படித் திறந்து, எப்படிச் சுவைப்பது? அவர் முன்னால் என்ன சொல்வது? இது 'ஐந்தாம் வகுப்பு' ஒயின் என்று எங்கேயோ படித்தேன். அப்படியென்றால் சுமாரானதா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வகுப்புப் பிரிவு 1855-இல், மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய உலகக் கண்காட்சிக்காக, தென்மேற்குப் பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவின் தரகர்கள் போட்டது. அன்றைக்கு எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போனது என்பதுதான் அளவுகோல். உங்கள் போயாக்கும் இருக்கிற, போர்தோவின் மெதோக் பகுதியின் எத்தனையோ தோட்டங்களில் ஏறத்தாழ அறுபது மட்டுமே ஐந்து வகுப்புகளுக்குள் வந்தன. அதில் இடம் பிடித்ததே பெரிய விஷயம். 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற தோட்டம் முதல் வகுப்புக்கு ஏறியதைத் தவிர, அந்த வரிசையைப் பிறகு யாரும் பெரிதாகத் தொடவில்லை. லின்ச் பாஜ் ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் இரண்டாம் வகுப்புத் தோட்டங்களோடு சேர்த்துப் பேசப்படுகிற ஒயின் அது. உங்கள் பெரியவர் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்.

மூன்று வயதில் கொடுத்தாரே, அதற்கும் காரணம் உண்டு. 2005 செப்டம்பர் கடைசியில் பறித்த திராட்சை, ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருடம் போல இருந்து, பாட்டிலில் அடைபட்டு, கடைக்கு வர 2008 ஆகிவிடும். அதுவரை அவர் காத்திருந்து வாங்கியிருக்கிறார்.

அந்த வருடம் போர்தோவில் மழை குறைவு. தண்ணீர் கிடைக்காத கொடியில் காய் சிறுத்தது, தோல் தடித்தது. 2003-இல் ஐரோப்பாவையே வறுத்த வெயிலைப் போல அடிக்கவில்லை. இரவுகள் குளிர்ந்ததால் பழத்தின் புளிப்பும் வற்றவில்லை. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. சின்னப் பழத்தில் சாறு குறைவு, தோல் அதிகம். 1982, 2000, 2010 போன்ற பெயர்பெற்ற வருடங்களோடு 2005-ஐயும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். அந்த வருடத்து மெதோக் ஒயின்கள் இளசில் வாயைக் கட்டின. அதற்குத்தான் இருபது வருடம்.

துவர்ப்பு என்றேன். இந்த ஒயினைப் புரிந்துகொள்ள நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரே சொல் இதுதான். கருப்பு திராட்சை, செர்ரி, வயலட் பூ என்று மணப் பட்டியல் ஒப்பிப்பதுதான் ரசனை என்று பலரும் பயந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பயமே வேண்டாம். 2001-இல் போர்தோவில் ஓர் ஆய்வு வெளியானது. ஒயின் கலை படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே வருணித்தார்கள். படித்தவர்களின் மூக்கையே கண் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் வாயை நம்புங்கள். அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி வைத்த மொழி நம்முடையது. நாவல்பழம் தின்றதும் நாக்கு வறண்டு கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்குமே, சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் செய்வது அதே வேலைதான், எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வருடங்கள் போகப்போக டானின் ஒன்றோடொன்றும் நிறத்தோடும் சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி அடியில் மண்டியாகத் தங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் துவர்ப்பு நாவல்பழத்தைப் போலக் கவ்வாமல், நன்றாக வெந்த வாழைப்பூவைப் போல மெத்தென்று படியும். அந்த மெத்தென்ற பிடிப்புக்குத்தான் இத்தனை வருடக் காத்திருப்பும்.

அந்த மண்டியை மதிக்காமல் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். பழைய பாட்டில் ஒன்றைக் காரில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோய், இறங்கிய கையோடு ஊற்றினேன். வாயெல்லாம் நறநறவென்று கசந்தது, நல்ல ஒயின் வீணானது. உங்கள் பாட்டிலை இரண்டு நாள் முன்பே எடுத்து நேராக நிறுத்தி வையுங்கள். எடுக்கும்போது ஒயின் கழுத்து வரை நிற்கிறதா என்று பாருங்கள். கழுத்திலோ அதன் அடியிலோ நின்றால் நல்லது, தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்றுப் புகுந்திருக்கலாம்.

திறக்கிற அன்று பதினாறு, பதினேழு டிகிரிச் சூடு போதும். வெதுவெதுப்பான கூடத்தில் வைத்தால் சாராய நெடிதான் முன்னால் வரும். பழைய தக்கை உடையும், மெல்லத் திருகி இழுங்கள். பிறகு மண்டி சேராமல் தெளிவை மட்டும் இறுத்து ஊற்ற வேண்டும். ஒயின் நிலவறையில் ஒரு முதியவர் செய்ததை இன்றும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் சுடர் பாட்டிலின் தோளுக்குப் பின்னால் தெரியும்படி பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி, ஒரே சாய்வில் கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றினார். கடைசியில் கறுத்த புகை போல ஓர் இழை கழுத்தை நோக்கி ஊர்ந்தது. சட்டென்று நிமிர்த்திவிட்டார். நெய் காய்ச்சி இறுத்த கை உங்களுடையது, இது வந்துவிடும். மெழுகுவர்த்திக்குப் பதில் கைப்பேசி விளக்கும் உதவும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு இறுத்தால் சரியாக இருக்கும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளை மேசைவிரிப்பின் மேல் சாய்த்துப் பார்த்தால் நடுவில் கருஞ்சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம் தொடங்கியிருக்கும். வயது தெரிவது விளிம்பில்தான். கிளாஸின் உட்புறம் வழிகிற 'கண்ணீரை' வைத்துத் தரம் சொல்வார்கள், நம்பாதீர்கள், அது பெரும்பாலும் ஆல்கஹாலின் வேலை. முதலில் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கை கெடுத்துவிட்டது என்று அர்த்தம், யார் குற்றமும் இல்லை. நல்லபடியாக இருந்தால் சந்தையில் நீங்கள் பார்க்கும் காசிஸ் என்ற சின்னக் கறுப்புப் பழமும், பென்சில் சீவும்போது எழும் தேவதாரு மணமும் வரக்கூடும். கேபர்னே சோவிஞோன் என்ற திராட்சை வகை மிகுந்த போயாக் ஒயினுக்கு இது அடையாளம். கொஞ்ச நேரம் போனால் புகையிலையும், மழைக்கு மறுநாள் காட்டில் கிடக்கும் சருகின் வாசமும். நீங்கள் குடிப்பதில்லை என்றாலும் உங்களுக்கும் ஒரு கிளாஸில் முகர மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாதிச் சுகம் மூக்குக்குத்தான்.

ஒரு மிடறு எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரவ விடச் சொல்லுங்கள். விழுங்கிய பிறகு சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணட்டும். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒரு விநாடிக்கு 'கோதாலி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெரியவரிடம் சொல்ல இது போதும்: துவர்ப்பு எப்படிப் பிடித்தது, சுவை எவ்வளவு நேரம் நின்றது. அவர் அந்த வருடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பிரியாணி அன்றைக்கு வேண்டாம். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் தூக்கிவிடும், மசாலா மணத்தில் இருபது வருட மணம் அடிபட்டுப்போகும். போயாக் வட்டாரத்தில் பால்குடி மாறாத ஆட்டுக்குட்டி இறைச்சிக்குத் தனிப் பெயர் உண்டு, அங்கே இந்த ஒயினுக்கு அதுதான் ஜோடி. கிடைக்காவிட்டால் நல்ல ஆட்டுத்தொடையைப் பூண்டு, உப்பு, கொஞ்சம் மிளகு போட்டு ஓவனில் சுட்டுவிடுங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். பிரியாணியை மறுநாள் அவருக்குக் கொடுத்தனுப்புங்கள், சந்தோஷப்படுவார்.

ஒரு பாட்டிலில் ஆறு சிறிய கிளாஸ் வரும். பெரியவர், கணவர், மகள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு என்று வையுங்கள். இரண்டாவதை மெதுவாக, பேச்சுக்கு நடுவில் குடிக்கட்டும். முதல் கிளாஸில் வாய் திறக்காத மணமெல்லாம் ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவதில்தான் வரும். உங்கள் மகளின் கடைசி மிடறை மட்டும் எல்லாரும் எழுந்திருக்கும் வரை கிளாஸிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கிளாஸ்களை இரவே கழுவிவிடாதீர்கள். காலையில் காய்ந்துபோன கிளாஸின் அடியில் பென்சில் மரமும் புகையிலையும் இன்னும் மணக்கும். அதை அவளும் முகர்ந்து பார்த்த பிறகு சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசுங்கள்.