கன்ட்ரோல் பாஸ், ஆனால் ரிப்போர்ட்?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சீனிக் கன்ட்ரோல் (மெஷினைச் சரிபார்க்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த மாதிரி) தினமும் எல்லைக்குள்தான் நிற்கிறது. ஆனாலும் எங்கள் ரிப்போர்ட்டில் சீனி கொஞ்சம் கூட வருவதாக ஒரு டொக்டர் சொல்கிறார். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாங்கச் சொல்லி ஒரு விற்பனைப் பிரதிநிதி விடாமல் வருகிறார். வாங்கலாமா? இரத்மலானை பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் தம்பியோ, "முதலில் சார்ட்டைப் பார்" என்கிறான்.

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. கன்ட்ரோல் எண்களை நாள்வாரியாகக் குறித்து நீங்கள் கீறும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டே தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். 1924இல் ஷூவார்ட் என்ற பொறியியலாளர் தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடத்துக்காக வரைந்ததை 1950இல் லெவியும் ஜென்னிங்ஸும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் அனுப்பிய பத்து நாள் எண்களைப் பார்த்தேன்: 101, 102, 101, 103, 102, 101, 103, 102, 102, 103. இந்தக் கன்ட்ரோலுக்குக் குறித்த சராசரி (சார்ட்டின் நடுக்கோடு) 100, நியம விலகல், அதாவது வழக்கமான ஏற்ற இறக்கம், 2; இருபுறமும் இரண்டு விலகல் விட்டால் எல்லை 96 முதல் 104 வரை. பத்தும் பாஸ். ஆனால் பத்தும் கோட்டுக்கு மேலே! நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பத்தும் தலை விழுந்தால் நாணயத்தைத்தான் சந்தேகிப்போம். கன்ட்ரோல் எண்களில் கோளாறு தேடும் வெஸ்ட்கார்ட் விதிகளில் ஒன்று இதையே பிடிக்கிறது. ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் தவறு.

பத்து எண்களின் சராசரி 102; வெறும் 2 வீதம்தானே கூட என்று விடாதீர்கள். வெறும் வயிற்றில் 124 இருப்பவருக்கு உங்கள் மெஷின் 126.5 காட்டும். நீரிழிவுக்கான வெட்டுப்புள்ளி 126. டொக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த எல்லையோரம் நிற்பவர்களுக்குத் திரும்ப இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், முதல் நாளுக்குச் சற்று முன் ரீஏஜென்ட் லொட் (சோதனை இரசாயனத்தின் தொகுதி) மாறியதா, கலிப்ரேஷன் (மெஷினின் அளவைச் சரிசெய்வது) எப்போது செய்தது என்று லொக் புத்தகத்தைப் புரட்டுங்கள். கன்ட்ரோல் வெளியே போனால் பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டும் பழக்கம் உங்களிடமும் இருந்தால், இன்றோடு விடுங்கள்.

கன்ட்ரோல் காட்டாத கோளாறும் ஒன்று உண்டு. பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் சீனி மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும், ஏனென்றால் செல்களே அதைத் தின்றுவிடும். தெஹிவளையில் எடுத்த டியூப் காலி வீதி நெரிசலில் த்ரீவீலுக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? இங்கேதான் நோயாளிகளின் எண்களே உதவும். இரத்தம் எடுத்த இடம்வாரியாக ஒவ்வொரு நாளும் இடைநிலை எண்ணை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை, எக்செல்லில் போட்டு வாருங்கள். ஓர் இடம் மட்டும் தொடர்ந்து கீழே நின்றால் பெரும்பாலும் பயணம்தான் காரணம். சராசரி வேண்டாம், 400 உள்ள ஒருவரே அதை இழுத்துவிடுவார்.

பிரதிநிதி திரும்ப வந்தால் விரட்ட வேண்டியதில்லை. இந்தப் பத்து எண்களையும் கையில் கொடுத்து, அவருடைய மென்பொருள் எத்தனையாம் நாள் மணியடிக்கிறது என்று கேளுங்கள்.