கையில் காசு இருக்கிறது, செலவழிக்கக் கை வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 61. ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து, 14 மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். சொந்த வீடு, கடன் இல்லை. பிள்ளைகள் இருவரும் சம்பாதிக்கிறார்கள். எங்கள் ஆண்டுச் செலவை 100 என்று வைத்துக்கொண்டால், ஓய்வூதியமாக 45 வருகிறது. மீதியை டெபாசிட் வட்டியில் இருந்து எடுத்துச் சமாளிக்கிறேன். மொத்தச் சேமிப்பு ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு. மூன்றில் ஒரு பகுதி பங்கு சார்ந்த ஃபண்டுகளில், மற்றதெல்லாம் டெபாசிட். மனைவியோடு மூன்று மாதம் ஊர் சுற்ற வேண்டும் என்பது எங்கள் பத்து வருடத் திட்டம். ஆனால் டிக்கெட் போட உட்காரும்போதெல்லாம் ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று கணினியை மூடிவிடுகிறேன். அசலில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. இதற்கிடையில் பழைய அலுவலகத்தில் வாரத்துக்கு 3 நாள் வரச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பின்குறிப்பு: இதைத் தட்டச்சு செய்து கொடுத்தது அவர் மனைவியாகிய நான். எனக்கும் ஒரு கேள்வி. இந்த வீட்டில் 35 வருடமாகச் சமைக்கிறேன். எனக்கு ஓய்வு எப்போது?

பதில்: அம்மா கேட்டதுதான் கடினமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம், ஐயா.

ஓய்வூதியம் போக உங்களுக்கு ஆண்டுக்கு வேண்டியது 55. கையில் இருப்பது 2,500. வகுத்தால் 2.2 சதவீதம். இதே தாளை வேறொருவர் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தால், மூக்குக்கண்ணாடியைக்கூட மாட்டாமல் ‘இவருக்கு என்ன குறை?’ என்று கேட்டிருப்பீர்கள். தாளில் உங்கள் பெயர் இருப்பதால்தான் கணக்கு தடுமாறுகிறது.

2.2 சதவீதம் குறைவா, அதிகமா? இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்று ஒரு நிதி ஆலோசகர். விமானப் பொறியியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அந்த நாட்டின் பல பத்தாண்டுச் சந்தை விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டிலும் ஒருவர் ஓய்வு பெற்றதாகக் கொண்டு, சேமிப்பு எத்தனை காலம் தாங்கியிருக்கும் என்று போட்டுப் பார்த்து 1994-ல் வெளியிட்டார். பணத்தைப் பங்கிலும் அரசுப் பத்திரத்திலுமாகப் பிரித்து வைத்து, முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும், 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணம் நின்றது. 1960-களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்று, அடுத்த சில ஆண்டுகளிலேயே சந்தைச் சரிவையும் கடும் விலையேற்றத்தையும் ஒன்றாகச் சந்தித்தவர்கள்தான் அதில் மிகவும் அடிபட்டவர்கள். அவர்களுக்கே தாங்கியது.

இது அமெரிக்கக் கணக்கு. வேறு பல நாடுகளின் பழைய விவரங்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு 4 சதவீதம் எல்லா இடத்திலும் நிற்கவில்லை. அதனால் நான் 3.5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் 2,500-ல் அது 87.5. உங்களுக்குத் தேவை 55. ஆக, ஆண்டுக்கு 32 போல இடம் இருக்கிறது. உங்கள் மொத்தச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அந்த மூன்று மாதப் பயணத்தை ஒரே வருடத்தில் முடித்துவிட்டு, அடுத்த வருடம் இன்னொன்றையும் யோசிக்கலாம்.

கொஞ்சம் பொறுங்கள், டிக்கெட்டை இப்போதே போட்டுவிட வேண்டாம். முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா, இல்லை கடைசிவரை அதே தொகைதானா? ஏறும் என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஏறாது என்றால் கதை வேறு. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று அறிய, 72-ஐ ஏறும் சதவீதத்தால் வகுப்பது ஒரு குறுக்குவழி. 72-ஐ 4-ஆல் வகுத்தால் 18. பதினெட்டு ஆண்டில் விலை இரண்டு மடங்காகிவிடும். அப்போது உங்கள் செலவு 200, ஓய்வூதியம் அதே 45. இன்று 55 எடுக்கிற இடத்தில் அன்று 155 எடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சுமையை 30 ஆண்டுக்குப் பரப்பி, இன்றைய விலையில் சராசரி பார்த்தால், சேமிப்பில் இருந்து ஆண்டுக்கு 74 வேண்டும். அப்போது 32 என்பது 13, 14 ஆகச் சுருங்கிவிடுகிறது. பயணம் அப்போதும் உண்டு. இரண்டு தவணையாகப் போய்வருவீர்கள், அவ்வளவுதான். ஓய்வூதிய ஆணையை எடுத்து இந்த வாரமே பாருங்கள்.

அதே தாளில் இன்னொரு வரியையும் தேடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டால் அம்மாவுக்கு எவ்வளவு வரும்? பெரும்பாலான ஏற்பாடுகளில் துணைவருக்குக் கிடைப்பது முழுத்தொகை அல்ல, அதில் ஒரு பகுதி. ஒருவர் குறைந்தால் வீட்டுச் செலவு பாதியாகிவிடாது. நான் பார்த்தவரை, அசலைத் தொடப் பயப்படும் ஆண்கள் இந்த வரியைப் படித்திருப்பதே இல்லை. பயப்பட வேண்டிய இடம் உண்மையில் இதுதான். கணக்குகள் எல்லாம் இருவர் பெயரிலும் இருக்கின்றனவா, நியமனதாரர் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.

சரி, அசலுக்கு வருவோம். ‘வட்டியை மட்டும் எடுக்கிறேன், அசல் அப்படியே இருக்கிறது’ என்பது நம் மனசுக்குச் சுகமான வாக்கியம். பாஸ்புத்தகத்தில் எண் அப்படியே இருக்கும், உண்மைதான். ஆனால் வட்டி முழுவதையும் எடுத்துச் செலவழித்துவிட்டு, அந்த எண்ணை 18 ஆண்டு காவல் காத்தால், 4 சதவீத விலையேற்றத்தில் அதன் வாங்கும் சக்தி பாதியாகியிருக்கும். நீங்கள் தொடாவிட்டாலும் விலைவாசி தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் அந்த மூன்றில் ஒரு பகுதி ஃபண்டுகளில் இருப்பதைக் கலைக்க வேண்டாம் என்கிறேன். பயத்தில் அதையும் டெபாசிட்டுக்கு மாற்றிவிடாதீர்கள்.

உங்கள் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. சம்பாதிக்கும் காலத்தில் சந்தை சரிந்தால் காத்திருந்து கடந்துவிடலாம். எடுத்துச் சாப்பிடும் காலத்தில் சரிவு எப்போது வருகிறது என்பது முக்கியம். ஒரு சின்னக் கணக்கு. இருவரிடம் தலா 1,000 இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 60 எடுக்கிறார்கள். ஒருவருக்கு முதல் ஆண்டு 20 சதவீதச் சரிவு, அடுத்து 10 சதவீத ஏற்றம், அப்புறம் 30 சதவீத ஏற்றம். மற்றவருக்கு இதே மூன்றும் தலைகீழ் வரிசையில். பணத்தைத் தொடாமல் விட்டிருந்தால் இருவரிடமும் ஒரே 1,144 இருந்திருக்கும். எடுத்துக்கொண்டே வந்ததால் முன்னவரிடம் 912, பின்னவரிடம் 975. வித்தியாசம் 63. மூன்றே வருடத்தில் ஒரு முழு வருடச் செலவு, வரிசை மாறியதாலேயே போய்விட்டது.

இதற்கு மருந்து எளிமையானது. அடுத்த மூன்று ஆண்டுக்கு நீங்கள் எடுக்கப்போகும் தொகையை டெபாசிட்டில் தனியே ஒதுக்கிவிடுங்கள். சந்தை நன்றாக இருக்கும் ஆண்டில் ஃபண்டில் இருந்து கொஞ்சம் எடுத்து அதை நிரப்புங்கள். மோசமான ஆண்டில் ஃபண்டின் பக்கமே போகாதீர்கள். உங்களிடம் டெபாசிட்டே மூன்றில் இரண்டு பங்கு இருப்பதால் இது ஏற்கெனவே நடந்த மாதிரிதான். அதற்குள் கோடு மட்டும் கிழிக்க வேண்டும். மருத்துவத்துக்கென்று ஒரு தொகையையும் அப்படியே பிரித்து, பெயர் எழுதி வைத்துவிடுங்கள். பெயர் எழுதாத பணம் முழுவதையும் நம் மனசு ‘ஆஸ்பத்திரிக்கு ஆகும்’ என்றே கணக்கு வைத்துக்கொள்கிறது.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தும் ஏன் கை வரவில்லை? உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஒரு தொகை வந்தால் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட, அதே தொகை போனால் வரும் வலி பெரிது. முப்பத்தேழு ஆண்டுகளாக மாதக் கடைசியில் கணக்கு ஏறிப் பார்த்த கண்ணுக்கு, அது இறங்குவது நஷ்டமாகத்தான் தெரியும்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஓய்வு பெற்ற அன்று அக்கா ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். ‘ஒரு நல்ல நாளுக்குப் போட்டுக்கறேன்’ என்று அலமாரியில் வைத்தார். பல வருடம் கழித்து அவருடைய துணிகளை எடுத்து அடுக்கும்போதுதான் மறுபடி அதைப் பார்த்தேன். காலருக்குள் அட்டை, கைமடிப்பில் குண்டூசி, எல்லாம் அப்படியே. குண்டூசி குத்தியிருந்த இடத்தில் மட்டும் துருக்கறை. அந்தச் சட்டையை வாங்கும் வசதி அவருக்கும் இருந்தது, போட்டுக்கொள்ள நாளும் இருந்தது.

ஆகவே மனசோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஏமாற்றிவிடலாம். பொருளாதாரத்துக்கு 2017-ல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், நாம் பணத்தை எப்படித் தனித்தனிப் பானைகளில் போட்டு வைத்து யோசிக்கிறோம் என்று நிறைய எழுதியவர். சம்பளம் என்ற பானையில் இருந்து கூசாமல் செலவழிக்கிறோம், சேமிப்புப் பானையைத் தொட்டால் நடுங்குகிறோம். சரி, சேமிப்பையே சம்பளமாக்கிவிடுங்கள். சேமிப்புக் கணக்கில் இருந்து செலவுக் கணக்குக்கு மாதத்தின் கடைசி நாளன்று ஒரே தொகை தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். பழைய நாட்களைப் போல அதே தேதியில் கைப்பேசி சிணுங்கும், ‘வரவு’ என்று குறுஞ்செய்தி வரும். என்னிடம் வந்த ஒருவருக்கு இதைச் செய்து கொடுத்தபோது, மூன்றாவது மாதமே ‘போனஸ் கிடையாதா?’ என்று கேட்டார். இருக்கிறது. உங்கள் 32-ஐ அல்லது 14-ஐ மாதச் சம்பளத்தோடு கலக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றாவது கணக்கில் போடுங்கள். அதற்கு ஒரே விதி. வருடக் கடைசியில் அதில் மீதி இருந்தால் சேமிப்புக்குத் திரும்பக்கூடாது. நீங்களோ, அம்மாவோ, பேரப்பிள்ளைகளோ, வேண்டியவர் எவரோ, யாருக்காவது செலவாகியே ஆக வேண்டும்.

இந்தச் செலவை இப்போதே செய்யச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வயதாக ஆக மருத்துவச் செலவு ஏறும்தான். ஆனால் பயணம், வெளிச்சாப்பாடு, உடுப்பு எல்லாம் நாம் குறைக்காமலே குறைந்துவிடும். 61-ல் ரயிலின் மேல் படுக்கைக்கு ஏறலாம், 71-ல் கீழ்ப் படுக்கை கேட்போம், 81-ல் ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோ அனுப்பிய படங்களைப் பார்ப்போம். எல்லா ஆண்டுக்கும் ஒரே அளவு பிரித்து வைப்பது கணக்குக்கு அழகு, முழங்காலுக்குப் பொருந்தாது. முதல் பத்து ஆண்டில் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டு, அப்புறம் இயல்பாகக் குறைவதை விட்டுவிடுங்கள். சந்தை சரிந்த வருடத்தில் மட்டும் மூன்றாவது கணக்குக்குப் பாதி போடுங்கள், போதும்.

பழைய அலுவலகம் கூப்பிடுவது பற்றி: பணத்துக்காக என்றால் வேண்டாம். தேவையில்லை என்று மேலேயே பார்த்துவிட்டோம். அந்த வேலை பிடிக்கும், அந்த மனிதர்களோடு இருக்கப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சம்பளம் எதுவும் தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் வாரத்துக்கு ஒரு நாளாவது போவீர்களா? போவேன் என்றால் 3 நாளும் போகலாம். ஆனால் மூன்று மாதம் விடுப்பு தர வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வேலைக்காகக் கையேந்தாதவர் இப்படிப் பேசலாம். நீங்கள் 37 ஆண்டு உழைத்துச் சம்பாதித்ததில் இதுவும் ஒன்று, அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மாவுக்கு. உங்கள் கணவர் எழுதிய ஆண்டுச் செலவு 100-ல் உங்கள் உழைப்புக்கு ஒரு வரி இல்லை. அதனால்தான் அந்த நூறு இவ்வளவு சிறியதாக இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு வேலை கூடித்தான் போயிருக்கும். முன்பு மதியத்துக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தது போய், இப்போது சுடச்சுடப் பரிமாற வேண்டியிருக்குமே. ஐயா, மூன்றாவது கணக்கில் இருந்து முதல் செலவு டிக்கெட் அல்ல. சமைக்க ஒரு ஆள் வையுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் போதும். மீதி இரண்டு நாள் யார் என்று உங்களுக்கே தெரியும். இந்தச் செலவை ஆண்டுச் செலவோடு சேர்த்து 100-ஐத் திருத்தி எழுதி, 2.2 சதவீதம் எவ்வளவு ஆகிறது என்று மறுபடி போட்டுப் பாருங்கள். 3.5-க்குள் நின்றால் கேள்வியே இல்லை.

அந்தப் புதுக் கணக்கையும் ஓய்வூதிய ஆணையில் இருக்கும் அந்த இரண்டு வரிகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இந்தமுறை தட்டச்சு நீங்களே செய்யுங்கள்.