வேலைக்கு வராததற்காக எடுக்கும் நடவடிக்கையை மேற்பார்வையாளரும் தொழிலாளியும் ஏன் வேறுவேறாகப் பார்க்கிறார்கள்?

எண்ணூர்ப் பக்கம் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் இயந்திரத்தில் நின்றவன் நான். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் அதே பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தேன். மெமோ வாங்கியும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன் என்பதால் இதற்குப் பதில் எழுதத் துணிகிறேன்.

காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஒருவர் வரவில்லையென்றால், மேற்பார்வையாளரின் கண்ணில் முதலில் படுவது ஆளில்லாமல் நிற்கும் இயந்திரம். யாரை இடம் மாற்றுவது, இரவு ஷிப்டு முடித்தவரை ஓவர்டைம் நிற்கச் சொல்லலாமா, அன்றைய உற்பத்தி குறைந்தால் மேலே என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் அவர் பத்து நிமிடத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். வராதவர் ஏன் வரவில்லை என்று யோசிக்க அந்தப் பத்து நிமிடத்தில் இடமில்லை. தொழிலாளியோ காரணத்திலிருந்துதான் எதையும் தொடங்குவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. அரிசிப் பானை முதல் பாய் வரை கறுப்பாகிப்போன வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு, மழை நின்ற பிறகும் நான்கு நாள் ஏன் வரவில்லை என்று கேட்பதே அவமானமாக இருந்தது. கேட்டவருக்கோ அது கேட்டே ஆகவேண்டிய கேள்வியாக இருந்தது.

சம்பளப் பிடித்தத்தைப் பற்றிய பார்வையும் இப்படித்தான் பிரிகிறது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை நிர்வாகம் வெறும் கணக்காகப் பார்க்கிறது. தண்டனை என்பது அதற்குப் பிறகு வரும் மெமோவும் தற்காலிகப் பணிநீக்கமும். தொழிலாளியைப் பொறுத்தவரை சம்பளம் போனதே முதல் தண்டனை, வருகை ஊக்கத்தொகை போனது இரண்டாவது, மெமோ மூன்றாவது. இதில் நிர்வாகங்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஒரே ஒரு நாள் வராவிட்டாலும் மாதத்தின் ஊக்கத்தொகை முழுவதும் போய்விடும் என்று விதி வைத்தால், முதல் நாளைத் தவறவிட்டவருக்கு அந்த மாதத்தில் இரண்டாவது நாளும் வராமலிருக்கத் தயக்கமே இராது. என் பதிவேட்டில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நானே செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பிரிவில் ஒருவர் காய்ச்சலில் இரண்டு நாள் வீட்டில் படுத்துவிட்டு, மூன்றாம் நாள்தான் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகத்துக்குப் போனார். சான்றிதழில் அந்த மூன்றாம் நாளின் தேதியே இருந்தது. முதல் இரண்டு நாளை அனுமதியில்லாத விடுப்பாகக் கணக்கிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மெமோ கொடுத்தேன். இஎஸ்ஐ நோய்க்காலப் பணப்பயனில் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம் என்பதால், அந்த நாட்களுக்கு அங்கிருந்தும் அவருக்குக் காசு கிடைத்திராது. அடுத்த முறை உடம்பு சரியில்லாதபோது அவர் முதல் நாளே மருந்தகத்துக்குப் போய், ஆறு நாளுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ஏழாம் நாள்தான் வந்தார். விதிப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முன்பெல்லாம் இரண்டு நாளில் எழுந்து வந்துவிடும் மனிதரை ஆறு நாள் வீட்டில் இருக்கப் பழக்கியது என் மெமோதான்.

சட்டமும் இந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடவில்லை. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தையொட்டிய மாதிரி நிலையாணைகளில், அதாவது தொழிற்சாலையின் வேலை விதிகளுக்கான மாதிரியில், அனுமதியின்றிப் பத்து நாளுக்கு மேல் வராமலிருப்பதும் அனுமதியின்றி வராமலிருப்பதை வழக்கமாகக் கொள்வதும் ஒழுங்கீனம் என்று இருந்தது. வழக்கம் என்றால் எத்தனை முறை என்பதற்கு அதில் எண் இல்லை. அந்த இடைவெளியில்தான் விருப்பு வெறுப்பு நுழைகிறது. ஒரு நிறுவனம் தன் நிலையாணைப்படி, எட்டு நாளுக்கு மேல் வராதவரை விசாரணையின்றி வேலையை விட்டுப் போனவராகக் கருதியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் சொன்னது. வராமலிருந்தது வேண்டுமென்றே செய்ததா, தவிர்க்க முடியாத சூழ்நிலையாலா என்று பார்த்தே குற்றம் என முடிவு செய்ய வேண்டும் என்று 2012இல் சொன்னது. எந்த மேற்பார்வையாளர் பயிற்சியிலும் இவற்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தொழிலாளர்கள் எல்லோரும் நடவடிக்கையை எதிர்ப்பவர்கள் என்று நினைப்பதும் தவறு. மாற்று ஆள் வராததால் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு, திருவொற்றியூருக்குப் பேருந்து தேடி நடப்பவர் அந்த நேரத்தில் என்னைவிடக் கடுமையானவராக இருப்பார். “நீங்க ஏன் சார் அவனைக் கேட்க மாட்டேங்கிறீங்க?” என்று என்னிடம் கோபப்பட்டவர்களில் சங்கத்தில் முன்னணியில் இருந்தவர்களும் உண்டு. அவர்களுடைய உண்மையான குறை, ஒரே தவறுக்கு ஒருவருக்கு மெமோவும், அதிகாரிக்கு வேண்டியவருக்கு வாய்மொழி எச்சரிக்கையும் கிடைப்பது. தண்டனை கடுமையாக இருந்ததைவிட, ஆளுக்கு ஆள் மாறியதே எங்கள் பிரிவில் அதிகச் சண்டையை மூட்டியது.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மெமோவும் கிடையாது, விசாரணையும் கிடையாது. இரண்டு நாள் வராவிட்டால் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்ற ஒரு போன்தான். நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கம் பக்கமாக நடைமுறை எழுதிவைத்துவிட்டு, பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரை இப்படி நடத்துவதைப் பார்த்துக்கொண்டு நானும் பல ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

நீங்கள் புதிதாக மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றவராக இருந்தால், மெமோவில் கையெழுத்துப் போடும் முன் அவரை அழைத்து, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் உட்காரவைத்துக் காரணத்தைக் கேளுங்கள். பிறகு கடந்த ஆறு மாத வருகைப் பதிவேட்டை எடுத்து, உங்களுக்கு நெருக்கமானவர்களின் பெயர்களுக்கு நேராக இருக்கும் நாட்களையும் எண்ணிப் பாருங்கள். நான் அப்படி எண்ணிய முதல் நாள், எழுதிவைத்திருந்த இரண்டு மெமோக்களைக் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதுவரை நான் ஒருமுறைகூடக் கேள்வி கேட்டிராத ஒருவரை அன்று மாலை அழைத்துப் பேசினேன்.