கத்தியின் முனை – கடிதம்

அன்புள்ள அக்கா,

லண்டனில் ஹாரோ பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். மகனுக்குப் பதினைந்து வயது. போன மாதம் அவன் பள்ளிக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனைக் குத்திவிட்டார்கள். உயிர் பிழைத்துவிட்டான். அன்றிலிருந்து ராத்திரியானால் சமையலறைக் கத்திகளை எண்ணி அலமாரியில் பூட்டி வைக்கிறேன். கூர்முனைச் சமையல் கத்திகளையே தடை செய்ய வேண்டும் என்று இங்கே ஒரு பேச்சு ஓடுகிறது. என் கணவருக்குச் சிரிப்பு. "கொல்ல நினைக்கிறவன் ஸ்க்ரூடிரைவரை வைத்தும் கொல்வான்" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., ஹாரோ

அன்புள்ள ச.,

அந்தப் பையன் பிழைத்தது பெரிய ஆறுதல். உங்கள் மகன் அதைப் பார்த்தானா என்று எழுதவில்லை. பார்த்திருந்தால், அவன் பேசாவிட்டாலும் மனசுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் கணவர் சொல்வதையே நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. "கொல்ல நினைக்கிறவன்" என்று ஆரம்பிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் தவறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கும் கொலைகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு கத்தி போன்ற கூரான ஆயுதங்களால் நடக்கின்றன. என்ன வகைக் கத்தி என்று பதிவானவற்றில் முதலிடம் பட்டாக்கத்திக்கு இல்லை, சமையல் கத்திக்கு. வீட்டுக்குள் கொல்லப்படும் பெண்களை நினைத்துப் பாருங்கள். குடி, வாக்குவாதம், எட்டினால் கிடைக்கிற தூரத்தில் ஒரு கத்தி. அந்த ஆள் காலையில் எழுந்து கொலைக்குத் திட்டம் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வெறி ஏறி இறங்குகிற அந்தச் சில நிமிடங்களில் கையில் என்ன சிக்கியது என்பதை வைத்துத்தான் அது தையல் போடும் காயமா, சாவா என்று ஆகிறது.

இலங்கையில் பூச்சிமருந்து விஷயத்திலும் இதே வாதத்தைச் சொன்னார்கள். சாக நினைக்கிறவர் வேறு வழி தேடிக்கொள்வார் என்றார்கள். கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995க்கும் 2005க்கும் இடையில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்ட ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கப்புறமும் வாழ்ந்தார்கள்.

சரி, கத்தி இல்லாமல் எப்படிச் சமைப்பது? 2005இல் லண்டனில் அவசரப் பிரிவு மருத்துவர்கள் மூவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தலையங்கம் எழுதினார்கள். நீளமான கத்திக்குக் கூர்முனை எதற்கு என்று பத்து சமையல் நிபுணர்களைக் கேட்டிருந்தார்கள். அது இல்லாமல் முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நுணுக்கமான வேலைக்குக் குட்டிக் கத்தி போதும், அது உள்ளுறுப்புவரை இறங்குவது அரிது என்பது அவர்கள் கணக்கு. வெட்டுவது விளிம்பு. குத்துவதுதான் முனை.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு அரிவாள்மனை ஞாபகம் வந்தது. அம்மா ஒரு காலை மடக்கிப் பலகைமேல் போட்டு உட்காருவார். வளைந்த அலகு அவரைப் பார்த்து நிற்கும். அலகு அசையாது, காய்தான் அதை நோக்கிப் போகும். மீனைச் சாம்பலில் புரட்டி இரண்டு கையாலும் பிடித்து அறுப்பார். பூசணியைப் பிளப்பார், கீரையை நூல் மாதிரி அரிவார். நுனியில் குத்தும் கூர் கிடையாது, தேங்காய் துருவும் பல் இருக்கும். ஐம்பது வருடச் சமையலில் அம்மாவுக்கு ஒரு கூர்முனை தேவைப்பட்டதே இல்லை. அது ஆபத்தில்லாத கருவி என்று சொல்ல வரவில்லை, அம்மாவின் விரல்களில் தழும்பு நிறைய. ஆனால் சண்டையின் நடுவில் சட்டென்று உருவி ஓங்குகிற சாமான் இல்லை அது.

ஆகவே தடை என்றால் எனக்கு இதுதான்: இனி விற்கும் நீளக் கத்திகள் மொண்ணை முனையோடு வரட்டும். 2019இல் நாட்டிங்ஹாம்ஷயர் போலீஸ், வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அப்படிப்பட்ட கத்திகளைக் கொடுத்துப் பார்த்தது. பழைய கத்திகள் இழுப்பறையில் கிடக்கும்தான், பலன் தெரிய வருடங்கள் ஆகும். அதற்காக ஆரம்பிக்காமல் இருக்க வேண்டுமா?

ஆனால் உங்கள் மகன் தெருவில் நடந்து போகிறான். அங்கே கதை வேறு. உங்கள் ஊரில் காரணமில்லாமல் கத்தியோடு வெளியே போவது ஏற்கெனவே குற்றம். பதினெட்டு ஆகாதவருக்கு விற்பதும் குற்றம். அப்படியிருந்தும் 2024இல் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் பதினேழு வயதிலேயே ஆன்லைனில் கத்தி வாங்கியிருந்தான். பயமுறுத்துகிற மாதிரி செய்து விற்கும் 'ஜோம்பி' கத்திகளை 2024 செப்டம்பரிலும் நிஞ்ஜா வாள்களை 2025 ஆகஸ்டிலும் தடை செய்தார்கள். நல்லதுதான். ஆனால் தெருப் பையன்களில் நிறையப் பேர் கத்தியைச் சுமப்பது பயத்தால். எதிரே வருகிறவனிடம் இருக்கும் என்ற பயம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2005இல் போலீஸே வன்முறைத் தடுப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, இதைத் தொற்றுநோய் மாதிரி பார்த்தது. 2008இல் கும்பல் பையன்களை நீதிமன்றக் கூடத்துக்கு வரவழைத்தார்கள். ஒருபக்கம் போலீஸ் கண்டிப்போடு எச்சரித்தது. இன்னொரு பக்கம் கிழிந்த முகங்களைத் தைக்கும் டாக்டர்கள் பேசினார்கள், மகன் வெட்டுப்பட்ட ஒரு தாய் பேசினார். விலகி வர விரும்பினால் கூப்பிட ஒரு போன் நம்பர், படிப்பு, வேலைக்கு வழி. தண்டனையும் கூடியது, இதுவும் நடந்தது. ஸ்காட்லாந்தில் கொலைகள் அன்றிருந்ததில் பாதிக்கும் கீழே வந்தன. சமையல் கத்தி எந்தக் கடையிலும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

கணவரிடம் இரண்டையும் சொல்லுங்கள். அலமாரியைப் பூட்டுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் எண்ணுவதை மகன் பார்த்துக்கொண்டிருப்பான். "கத்தி வைத்திருக்கிறாயா" என்று அவனைக் கேட்காதீர்கள். பள்ளிவிட்டு வரும்போது எந்தத் தெரு வழியாக வராமல் சுற்றி வருகிறான் என்று கேளுங்கள். ஏதாவது ஒரு தெரு இருக்கும். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா