குஸ்கோவில் முதல் இரண்டு இரவு வேண்டாம், வரிசையை மாற்றுங்கள்

பெரு பயணத்தில் முதல் இரண்டு இரவு குஸ்கோ மலை நகரத்தில் தங்குவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதற்குப் பதில் அமேசான் காட்டை முதலிலும் குஸ்கோவைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தலைநகர் லிமா, காட்டுப் பக்கத்து ஊரான புவெர்ட்டோ மால்டொனாடோ, பள்ளத்தாக்கு ஊரான ஒல்லாந்தாய்தம்போ, மச்சு பிச்சு இன்கா இடிபாடுகள், அப்புறம் குஸ்கோ.

லடாக்கின் லேயில் உங்கள் மனைவிக்கு வந்த தலைவலிக்கும் வாந்திக்கும் காரணம் பெரும்பாலும் உயரம்தான். லே சுமார் 3,500 மீட்டர், குஸ்கோ 3,400. கடல் மட்டத்து லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் குஸ்கோவில் போய் இறங்கித் தங்கினால் அதே கதைதான். ஒல்லாந்தாய்தம்போ சுமார் 2,800. மச்சு பிச்சு 2,430 மட்டுமே. குஸ்கோ விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் நேராக ஒல்லாந்தாய்தம்போவுக்குப் போய்விடலாம், இரண்டு மணி நேரம். கல் பாவிய பழைய இன்கா தெருக்கள், ஓரத்தில் ஓடும் வாய்க்கால். சும்மா உட்கார்ந்திருக்கவே நல்ல ஊர்.

காட்டிலிருந்து குஸ்கோவுக்கு இரவுப் பேருந்து மலிவுதான். ஆனால் அது 4,700 மீட்டர் தாண்டிய கணவாயைக் கடக்கும். விமானமே எடுங்கள்.

ஒல்லாந்தாய்தம்போவில் முதல் இரவு கழித்து, தலைவலியோ குமட்டலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே ஏறாதீர்கள். கூடினால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். குஸ்கோ பக்கம் சுற்றுலாவாகக் கூட்டிப்போகும் வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல், அதை விட்டுவிடலாம் என்பேன். உயரத்துக்கு நல்லது என்று அங்கே கொடுக்கும் கோக்கா இலை டீயை நம்பி ஏற வேண்டாம்.

உயரக் கோளாறைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முக்கியமாக. காட்டுக்குப் போவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள். பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் கேட்பார்கள்.